கோட்டுக்குப் பின்னால் எண் இல்லை

வெறுங்கோடு (கேள்வி)

பேத்திக்கு எட்டு வயது. தூங்குவதற்கு முன் ஒரு படப்புத்தகம் வாசித்தே ஆகவேண்டும். போன வாரம் கதை முடிந்தும் புத்தகத்தை விடவில்லை, பின்னட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஓவியரைப் பற்றி நாலு வரி. பெயருக்குப் பக்கத்தில் பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, "பாட்டி, இதுக்குப் பின்னாடி நம்பர் போட மறந்துட்டாங்களா?" என்றாள்.

மறக்கவில்லை, அவர் இன்னும் இருக்கிறார் என்று அர்த்தம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அது என் மகனுக்கு வாங்கிய புத்தகம். அச்சாகி முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அப்போது இருந்தார், சரி. இப்போது?

அவள் தூங்கியதும் தேடினேன். இருக்கிறார். தொண்ணூற்று மூன்று வயது. எனக்கு ஏனோ தூக்கிவாரிப் போட்டது. சின்ன வயதில் எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு, புத்தகத்தில் ஒருவர் பெயர் அச்சாகியிருந்தால் அவர் காலமானவர்தான் என்று. பாடப்புத்தகத்தில் வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே இருந்தார்கள்? அறுபத்து நாலு வயதிலும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது.

மறுநாளே கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தேன். குழந்தைகளுக்காக எழுதியவர்கள், வரைந்தவர்கள், தொண்ணூறைத் தாண்டியவர்கள். பென்சிலில்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் பெவர்லி கிளியரி 1916-இல் பிறந்தவர், நூறு கொண்டாடினார் என்று எப்போதோ படித்த ஞாபகத்தில் முதல் பெயராக எழுதினேன். பார்த்தால் 2021 மார்ச்சிலேயே 104 வயதில் போய்விட்டார். நான்கே நாளில் பாதிப் பெயர்களை அழிக்க வேண்டியதாயிற்று. ரப்பர் தூசியைத் துடைக்கும்போது என்னவோ போலிருந்தது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். "இந்த வயதிலும் எழுதுகிறார், வரைகிறார்" என்று பத்திரிகைகளில் போடுகிறார்களே, அது நிஜமா, பெரியவர் என்ற மரியாதைக்குச் சொல்வதா? இன்னொன்று, பேத்தி அந்த ஓவியருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எழுதலாமா? தொந்தரவாக இருக்காதா?

மைக்கூடு

நிஜம்தான் அம்மா. குறைந்தபட்சம் சிலர் விஷயத்தில்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஆல் ஜாஃபி. 'மேட்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் 1964-இலிருந்து மடிப்புப் படம் வரைந்தவர். பின்னட்டையின் உள்பக்கம் முழுக்க ஒரு படம், மேலே ஒரு கேள்வி. தாளின் நடுப்பகுதியை உள்ளே மடித்து இரண்டு ஓரங்களையும் சேர்த்தால் வேறு ஒரு படம் வரும், கேள்விக்கு விடையும் வரும். இதில் வேடிக்கை என்னவென்றால் அவர் வரைந்தது கெட்டியான அட்டையில். அதை மடிக்க முடியாது. மடித்தால் எப்படித் தெரியும் என்பதை இதழ் அச்சாகி வந்த பிறகுதான் அவரே பார்ப்பார். அத்தனை கணக்கும் மனதுக்குள். 2020-இல் ஓய்வு பெற்றபோது வயது 99. விடைபெறும் மடிப்புப் படத்தைச் சில வருடங்களுக்கு முன்பே வரைந்து வைத்திருந்தார். 2023-இல் 102 வயதில் இறந்தார்.

நாடக நடிகர்களைக் கோட்டோவியமாக வரைந்த ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட் இன்னொருவர். பழைய முடிதிருத்தும் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துதான் வரைவார். 1945-இல் மகள் நீனா பிறந்ததிலிருந்து அவள் பெயரைத் தலைமுடியிலோ சட்டை மடிப்பிலோ ஒளித்து வைப்பார். எத்தனை இடத்தில் ஒளித்திருக்கிறார் என்பதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணாகப் போட்டுவிடுவார். 2003 ஜனவரியில் 99 வயதில் இறக்கும் வரை தொழிலை விடவில்லை. நூறுக்கு ஐந்து மாதம்தான் பாக்கி.

நம் பக்கத்திலும் ஒருவர். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் ஒரு தோளில் வேதாளத்தைச் சுமந்து ஒரு கையில் வாளுடன் நடப்பானே, அதை வரைந்த சங்கர். 1952-இல் அங்கே சேர்ந்து அறுபது வருடம் போல வரைந்தார். 2020-இல்தான் காலமானார், வயது 96. அந்தச் செய்தி வந்த அன்று நான் நினைத்ததும் நீங்கள் நினைத்ததேதான்: அட, இத்தனை நாளும் இருந்தாரா!

எதிர்க்கட்சி

மைக்கூடு சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த மாதிரி இழையில் அடுத்து யாராவது வந்து "எழுதினால் ஆயுள் கூடும்" என்பார்கள். அதற்கு முன்னால் நான் வந்துவிடுகிறேன்.

கூடாது. தொண்ணூறு தாண்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பட்டியல் போட்டால் எல்லோரும் தொண்ணூறு தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள். கீட்ஸ் இறந்தது 25 வயதில். பாரதி 38. காஃப்கா 40. புதுமைப்பித்தன் 42. செகாவ் 44, அவரே மருத்துவர் வேறு. இவர்களும் எழுதியவர்கள்தான். கிளியரி அம்மையாரின் கடைசிக் கதைப் புத்தகம் 1999-இல் வந்தது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கும் மேல் புதுக்கதை எதுவும் வெளியிடாமல் நன்றாகவே இருந்தார். பேனாவுக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

"இன்னும் எழுதுகிறார்" என்பது பல சமயம் மரியாதைதான். யாரோ சொல்லக் கேட்டு எழுதி, பழையதைத் திரட்டி, புதுப் புத்தகம் என்று போடுவதும் உண்டு. நான் அதைக் குறை சொல்லவில்லை.

என் வாயை அடைப்பவர்கள் வேறு வகை, கடைசியில் ஆரம்பித்தவர்கள். ஜப்பானில் தோயோ ஷிபாத்தா என்ற பாட்டி. முதுகுவலியால் நடனத்தை விட வேண்டி வந்தது, மகன் சொல்லி 92 வயதில் கவிதை எழுத ஆரம்பித்தார். ஈமச்சடங்குக்கு என்று சேர்த்து வைத்த பணத்தில் 98 வயதில் சொந்தமாகப் புத்தகம் போட்டார். பிறகு ஒரு பதிப்பகம் அதை எடுத்துப் போட, 15 லட்சம் பிரதிக்கு மேல் போயிற்று. 101 வயது வரை இருந்தார். ஹாரி பெர்ன்ஸ்டீன் என்பவர் 67 வருடம் கூட வாழ்ந்த மனைவி இறந்ததும் தனிமை தாங்காமல் பிள்ளைப்பருவத்தை எழுத உட்கார்ந்தார். 2007-இல் புத்தகம் வந்தபோது 96. அவருக்கும் முடிவு 101-இல்தான்.

சாவுச் செலவுக்கு வைத்த காசில் கவிதை அச்சடிப்பது. இதற்கு என்னிடம் மறுவாதம் இல்லை.

நூலகப்பூனை

இருபத்தேழு வருடம் நூலகத்தில் பட்டியல் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் கோட்டை நம்பாதீர்கள் அம்மா.

புத்தக விவரங்களை அட்டைகளில் எழுதிப் பெட்டியில் அடுக்கி வைத்த காலத்தில் ஒரு எழுத்தாளர் பெயரில் நாற்பது அட்டை இருக்கும். அவர் காலமானார் என்று தெரிந்தால் நாற்பதையும் உருவி எடுத்துக் கோட்டுக்குப் பின்னால் வருடம் சேர்க்க வேண்டும். யார் செய்வது? அப்படியே விட்டுவிடுவோம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமே ஏற்கனவே போட்டுவிட்ட பெயர்த் தலைப்புகளில் இறந்த வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2006-இல்தான் விதியைத் தளர்த்தியது. எங்கள் பட்டியலில் எத்தனையோ பேர் செத்தும் சாகாமல் இருந்தார்கள்.

இதன் மறுபக்கம் பத்திரிகை அலுவலகம். பிரபலமானவர் வயதாகிவிட்டால் இரங்கல் கட்டுரையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். நடிகை எலிசபெத் டெய்லர் 2011-இல் இறந்தபோது நியூயார்க் டைம்ஸில் வந்த கட்டுரையை எழுதியவர் மெல் கஸ்ஸோ. அவர் 2005-லேயே காலமாகிவிட்டார்!

உங்கள் நோட்டில் "இருக்கிறார்" என்று எழுதாமல் பிறந்த வருடமும், நீங்கள் கடைசியாகத் தேடிப் பார்த்த தேதியும் மட்டும் எழுதுங்கள். அது ஒருநாளும் பொய்யாகாது. ரப்பரும் மிச்சம்.

சாய்கோடு

நான் வரைந்து பிழைப்பவள். வயது 58. கை நடுக்கம் ஆரம்பித்து இரண்டு வருடம். அதனால் இந்தக் கேள்வியை வேறு மாதிரி படித்தேன்.

எழுதுகிறவர் வாயால் சொல்லி எழுத வைக்கலாம். வரைகிறவருக்கு அந்த வழி கிடையாது. முதலில் போவது நீண்ட ஒற்றைக் கோடு. காது முதல் தாடை வரை ஒரே இழுப்பில் வந்த கோடு, இப்போது நடுவில் ஒரு இடத்தில் சின்னதாகத் தடுமாறும். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் மூச்சை விட்டுக்கொண்டே இழுக்கிறேன். மணிக்கட்டை மேசையில் ஊன்றாமல் தோளிலிருந்து இழுத்தால் நடுக்கம் குறைகிறது. மெல்லிய நிப்பை விட்டுக் கரிக்கு மாறினேன். கரிக்கோடு இயல்பிலேயே சொரசொரப்பு, தடுமாற்றத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும்.

பெரியவர்களும் இப்படித்தான் வழி மாற்றியிருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல், 71 வயதில், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நின்று வரைய முடியாமல் போனார். உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசித் தருவார்கள், அவர் கத்தரியால் வெட்டுவார், எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் சொல்லுவார். கத்தரிக்கோலுக்கு மை இழுக்கும் நிதானம் வேண்டாம். இன்னொரு பிரெஞ்சு ஓவியர் மொனேவுக்குக் கண்புரை. உலகம் பழுப்பும் மஞ்சளுமாகத் தெரிந்த வருடங்களில் குழாய் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்தும் தட்டில் வண்ணங்களை வைக்கும் வரிசையை வைத்தும் சமாளித்தார். 82 வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு 86 வரை தீட்டினார்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் எழுபதுக்கு முன் தான் வரைந்தது எதுவுமே பொருட்டில்லை என்றும், நூற்றுப்பத்தில்தான் ஒவ்வொரு புள்ளியும் உயிர்பெறும் என்றும் எழுதி வைத்தவர். போய்ச் சேர்ந்தது 88-இல். அதை எல்லோரும் தன்னம்பிக்கை வாசகம் மாதிரி பகிர்கிறார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு பதற்றம்தான் கேட்கிறது.

ஆக, நிஜமாகவே வரைகிறார்களா என்றால், வரைகிறார்கள். முன்பு வரைந்த மாதிரி அல்ல.

தபால்பெட்டி

கடிதம் எழுதலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நான் சொல்கிறேன். எழுதுங்கள், இன்றைக்கே.

ஆறு வருடம் முன்பு 91 வயது ஓவியர் ஒருவருக்கு எழுதினேன். பெயர் வேண்டாம், குடும்பத்தார் விரும்ப மாட்டார்கள். முதல் வரைவில் "நீங்கள் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்து ஆச்சரியப்பட்டேன்" என்று எழுதியிருந்தேன். மனைவி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நல்லவேளை.

நான் கற்றுக்கொண்டது. பதிப்பகத்தின் முகவரிக்கு அனுப்புங்கள், உறைமேல் அவர் பெயரைப் போட்டு. பெரிய எழுத்து, கறுப்பு மை, ஒரே பக்கம். கையெழுத்துப் போட்ட படம் கேட்காதீர்கள், அதை விற்கிறவர்கள் தொல்லை அவர்களுக்கு நிறைய. "உங்கள் படைப்புகள் எல்லாம் அருமை" என்று எழுதுவதும் வீண். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், அங்கே என்ன என்று எழுதுங்கள். நான் ஒரு பக்கத்தின் மூலையில் வாசற்படியில் தூங்கும் நாயைப் பற்றி மட்டும் எழுதினேன். கதையில் அந்த நாய் கிடையாது, படத்தில் மட்டும் இருக்கும்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நான்கு வரி, மகள் தட்டச்சு செய்தது. அந்த நாய் அவர் வளர்த்ததாம். அந்தப் படம் வரைந்த வாரம் செத்துப்போனதாம். இத்தனை வருடத்தில் அதைப் பற்றிக் கேட்டது நான் ஒருவன்தானாம். கீழே அவரே ஒரு நாய் வரைந்திருந்தார், பாதிக் கோடு தாளுக்கு வெளியே ஓடியிருந்தது.

அடுத்த கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏன் என்று பிறகு செய்தியில் பார்த்தேன்.

வெறுங்கோடு

எல்லோருக்கும் நன்றி. நூலகப்பூனை சொன்னபடி நோட்டை மாற்றிவிட்டேன், பிறந்த வருடமும் பார்த்த தேதியும் மட்டும். சாய்கோடு, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கரியில் வரைந்தது ஏதாவது இருந்தால் இங்கே போடுங்களேன்.

கடிதம் எழுதியாயிற்று. நான் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தேன், "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து. அம்மணி அதை ஓரமாக வைத்துவிட்டாள். தபால்பெட்டி சொன்னதை மட்டும் வாசித்துக் காட்டினேன், எந்தப் பக்கம், அங்கே என்ன. உடனே புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம். அவள் எழுதியதை என் மகன் ஆங்கிலத்தில் மாற்றிக் கீழே எழுதினான், மேலே அவள் கையெழுத்திலேயே தமிழ். அது இது:

"14ஆம் பக்கத்தில் பூனைக்கு மூணு கால்தான் இருக்கு. 15ஆம் பக்கத்தில் நாலு இருக்கு. ஒண்ணு பின்னாடி மறைஞ்சிருக்கா, இல்ல நீங்க மறந்துட்டீங்களா? மறந்திருந்தா பரவாயில்ல, நான் பென்சில்ல போட்டுட்டேன்."

எடுத்துப் பார்த்தேன். போட்டிருக்கிறாள்.