துக்கத்தில் இருப்பவரிடம் எந்த வேதபகுதியோடு தொடங்குவது?

நாகர்கோவில் பக்கம் ஒரு சபையில் ஆலோசனை ஊழியம் செய்கிறேன். கணவரை இழந்த ஒரு அக்காவிடம் என்ன வாசிப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

ஏழெட்டு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. வேதாகமத்தைத் திறந்தாலே கை நடுங்குகிறது என்கிறார். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன், இல்லை என்றார். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதுக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்வதால் பாதி நாள் போடுவதில்லை. (தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுலே வைத்தியம் சொன்னது இவர்களுக்கு ஞாபகம் வராது.)

சங்கீதம் 23 வாசித்தேன். "அடக்க ஆராதனையிலேயே கேட்டாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெபக்குழுவில் யாரோ ரோமர் 8:28 (தேவனை நேசிப்பவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்ற வசனம்) சொன்னதிலிருந்து அங்கே போவதையும் விட்டுவிட்டார். அப்புறம், யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் இருந்த மாதிரி, பேசாமல் கூட உட்கார்ந்தேன். அன்றுதான் அழுதார்.

இப்போது மனதில் இருப்பவை இரண்டு. ஒன்று 1 இராஜாக்கள் 19: சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மற்றது சங்கீதம் 88, கடைசி வரி வரை இருள்தான்.

இப்படிப்பட்டவர்களோடு இருந்து பழகியவர்கள் இந்த இரண்டில் எதை முதலில் எடுப்பீர்கள்?