நிறுவனங்களின் காலநிலை உறுதிமொழிகளை இனியும் நம்ப வேண்டுமா?

ஆதிரை:
உலகின் பெரிய வங்கிகள் சேர்ந்து 2021 ஏப்ரலில் நிகர பூஜ்ஜிய வங்கிக் கூட்டணியைத் தொடங்கின. தாங்கள் கடன் கொடுக்கும் தொழில்களின் உமிழ்வை 2050க்குள் நிகர பூஜ்ஜியத்துக்கு, அதாவது வெளியிடும் பசுங்குடில் வாயுவும் அகற்றுவதும் சமமாகும் நிலைக்கு, கொண்டுவருவதாகக் கையெழுத்துப் போட்டன. 2024 டிசம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் விலகியது. சில வாரங்களுக்குள் அமெரிக்காவின் மற்ற பெரிய வங்கிகளும் வரிசையாகக் கிளம்பின. 2025 அக்டோபரில் கூட்டணியே கலைந்துவிட்டது.

பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பிபியைப் பாருங்கள். 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக 2020இல் சொன்னது. 2023 பிப்ரவரியில் அது 25 சதவீதமாகச் சுருங்கியது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கையே கைவிட்டு, எண்ணெய், எரிவாயுவில் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது.

என் கட்சி இதுதான். தானாக முன்வந்து கொடுக்கும் வாக்கு, லாபத்துக்கு இடைஞ்சல் வரும் முதல் நாளிலேயே காற்றில் பறந்துவிடும். சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தாமல் எந்த நிறுவனமும் உருப்படியாக எதையும் செய்யாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஆதாரத்தோடு எழுதுங்கள்.

செழியன்:
ஆதிரை அவர்களே, பிபி பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. "எந்த நிறுவனமும்" என்றீர்களே, அங்கேதான் முரண்படுகிறேன்.

டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனம் ஒரு காலத்தில் நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமாக வாழ்ந்தது. அதன் மின்சாரத்திலும் வெப்பத்திலும் 85 சதவீதம் புதைபடிவ எரிபொருளிலிருந்து வந்தது. 2040க்குள் அந்த விகிதத்தைத் தலைகீழாக்குவோம் என்று இலக்கு வைத்து, 2019லேயே அதை எட்டிவிட்டது. 2017இல் எண்ணெய், எரிவாயுத் தொழிலை விற்றுவிட்டுப் பெயரையும் மாற்றிக்கொண்டு, கடல்சார் காற்றாலையில் உலகின் முன்னணிக்கு வந்தது.

இன்னொன்று. 2030க்குள் தான் வெளியிடுவதைவிட அதிகமான கரியமில வாயுவைக் காற்றிலிருந்து அகற்றுவதாக மைக்ரோசாஃப்ட் 2020இல் அறிவித்தது. 2024இல் வந்த அதன் அறிக்கையோ, உமிழ்வு 2020ஐவிட 29 சதவீதம் கூடிவிட்டது என்றது. தரவு மையங்கள் கட்டிய சிமென்ட்டும் எஃகும் சிப்புகளும் முக்கியக் காரணம். இது நமக்கு எப்படித் தெரிந்தது? அவர்களே அளந்து வெளியிட்டார்கள். வாக்குக் கொடுத்ததால்தான் அளந்தார்கள். நிறுவனங்களுக்கு இந்த அறிக்கைகளைத் தயாரிக்க உதவுவது என் தொழில். இலக்கு வைக்காத நிறுவனத்தில் மின்கட்டண ரசீதைக்கூட ஒழுங்காகச் சேர்த்துவைக்க மாட்டார்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நிலவன்:
இருவருமே வாங்குகிறவனை மறந்துவிட்டீர்கள். எண்ணெய் நிறுவனம் எண்ணெயைத் தானே குடிக்கவில்லை, நமக்குத்தான் விற்கிறது. பிபி 40 சதவீதம் குறைத்திருந்தால் அந்தச் சந்தையை வேறொரு நிறுவனம் எடுத்துக்கொண்டிருக்கும், பூமிக்கு ஒரு டன்கூட மிச்சமாகியிருக்காது. தேவை குறையாமல் விற்பனையை மட்டும் குறைக்கச் சொல்வது, பங்குதாரர் பணத்தைப் போட்டியாளர் கையில் கொடுக்கச் சொல்வதுதான்.

ஆதிரை:
நிலவன், நீங்கள் சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஒருவர் மட்டும் விலகினால் சந்தை மற்றவருக்குப் போகும். அதனால்தான் எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி வேண்டும் என்கிறேன்.

இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃப்ளூரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அதை உலகிலேயே அதிகம் தயாரித்த டூபாண்ட், கட்டுப்பாடுகளைப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எதிர்த்தது. 1987 செப்டம்பரில் அந்தப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1988 மார்ச்சில் அதே டூபாண்ட், உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. மனம் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. விதி எல்லோருக்கும் வந்துவிட்டது, மாற்றுப்பொருளை முதலில் விற்பவருக்கு லாபம் என்ற நிலையும் வந்துவிட்டது.

செழியன் அவர்களுக்கு: ஆர்ஸ்டெட்டின் பெரும்பான்மைப் பங்கு டென்மார்க் அரசிடம் இருப்பதையும், கடல் காற்றாலைக்கு அரசுகள் ஆண்டுக்கணக்கில் விலை உத்தரவாதம் கொடுத்ததையும் நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அதைத் தனியார் நல்லெண்ணத்தின் கணக்கில் எழுத முடியாது.

நிலவன்:
ஓசோனோடு இதை ஒப்பிடுவது சரியில்லை. அது ஒரு சில வேதிப்பொருள்களின் கதை. குளிர்சாதனத்துக்கு வேறு வாயு கிடைத்ததும் தீர்ந்தது. இங்கே எஃகு, சிமென்ட், உரம், கப்பல், விமானம் என்று எல்லாமே மாற வேண்டும். மாற்று இல்லாத இடத்தில் சட்டம் போட்டால் ஆலை மூடப்படும், அல்லது சட்டம் இல்லாத நாட்டுக்குப் போகும். இரண்டிலும் வேலை இழப்பவன் தொழிலாளி.

கயல்விழி:
கணக்குத் துறையில் இருக்கிறேன். "அவர்களே அளந்து வெளியிட்டார்கள்" என்ற செழியன் ஐயாவின் வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த அளவீடு எப்படி நடக்கிறது என்பதை இங்கே யாரும் தொடவில்லை.

ஒரு நிறுவனத்தின் உமிழ்வை மூன்றாகப் பிரிப்பார்கள். சொந்தக் கொதிகலனும் வண்டியும் எரிப்பது முதல் வகை. வாங்கும் மின்சாரத்துக்குப் பின்னால் இருப்பது இரண்டாம் வகை. மூலப்பொருள் விற்பவர் முதல் நம் பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் வரை மற்ற அனைத்தும் ஸ்கோப் 3 எனப்படும் மூன்றாம் வகை. பெரும்பாலான நிறுவனங்களுக்கு மூன்றாம் வகைதான் மலை போல இருக்கும்.

அந்த மலையை எப்படி அளக்கிறோம்? சப்ளையரிடம் உண்மையான தரவு இல்லாவிட்டால், அவருக்குக் கொடுத்த பணத்தை எடுத்து, அந்தத் தொழில்துறைக்கு உரிய சராசரி எண்ணால் பெருக்குகிறோம். விதிமுறை இதை அனுமதிக்கிறது. விளைவைப் பாருங்கள். அதே ஆலை, அதே அட்டைப்பெட்டி, அதே எடை. கொள்முதல் பிரிவு பேரம் பேசி விலையை 10 சதவீதம் குறைத்தால், என் விரிதாளில் உமிழ்வும் 10 சதவீதம் குறைந்துவிடுகிறது. மறுபுறம், தூய மின்சாரத்தில் தயாரித்ததற்காகச் சப்ளையர் கூடுதல் விலை கேட்டால், உமிழ்வு ஏறியதாகக் காட்டுகிறது! நல்லது செய்தவர் தாளில் கெட்டவராகிறார். இப்படி வந்த எண் அறிக்கையின் முதல் பக்கத்தில் பச்சை நிறத்தில் அச்சாவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது.

அளவீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த எண்ணை வைத்து "குறைத்துவிட்டோம்" என்று அறிவிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

செழியன்:
கயல்விழி சொன்ன குறை உண்மை. ஆனால் அது முதல் ஆண்டுக்கான ஏற்பாடு. எங்கே பெரிய தொகை இருக்கிறதோ அங்கே போய் உண்மைத் தரவு கேளுங்கள் என்பதற்கான வரைபடம் அது. பல நிறுவனங்கள் அந்த வரைபடத்தோடு நின்றுவிடுவது முறையின் குற்றமல்ல. நான் பார்த்த சப்ளையர்களில் சிலர், பெரிய வாடிக்கையாளர் கேட்டதால் மட்டுமே முதன்முறையாகத் தங்கள் கொதிகலனின் எரிபொருளைக் கணக்கெடுத்தார்கள். எந்தச் சட்டமும் அந்தச் சிறிய ஆலையை எட்டியிருக்காது.

மருதன்:
சிமென்ட் சூளைகளில் பல காலம் வேலை பார்த்தவன். நிலவன் கேட்ட "மாற்று இல்லாத இடம்" என்பது நாங்கள்தான், அதனால் பேசுகிறேன்.

சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கி, சிமென்ட்டாக அரைபடும் கட்டியான கிளிங்கராக்கும்போது கல்லே கரியமில வாயுவைக் கக்குகிறது. எங்கள் உமிழ்வில் ஏறக்குறைய 60 சதவீதம் அதுதான். எரிபொருளை முழுக்க மாற்றினாலும் அது போகாது. ஆகவே இரண்டு வழிகள். கிளிங்கரைக் குறைத்து, இரும்பாலைக் கசடும் அனல்மின் நிலையச் சாம்பலும் சுட்ட களிமண்ணும் கலப்பது ஒன்று. இதை இன்றே செய்யலாம், செலவும் அதிகமில்லை. தடை பெரும்பாலும் கட்டுமான விதிகளிலும், பழைய கலவையையே கேட்கும் ஒப்பந்தங்களிலும் இருக்கிறது. வெளியேறும் வாயுவைப் பிடித்துப் பூமிக்கடியில் புதைப்பது மற்றது. நார்வேயின் பிரேவிக்கில் ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸ் 2025இல் அப்படி ஒரு நிலையத்தைத் திறந்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும், அந்த ஆலையின் உமிழ்வில் சுமார் பாதி. செலவில் பெரும்பங்கை ஏற்றது நார்வே அரசு.

ஆக, மாற்று இல்லை என்பது சரியல்ல. மாற்று இருக்கிறது, அதன் விலையை யார் தருவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் சிமென்ட், எஃகு, அலுமினியம், உரம் போன்றவற்றுக்குக் கார்பன் கட்டணம் விதிக்கிறது. ஆலையை வேறு நாட்டுக்கு மாற்றினாலும் அந்தச் சந்தையில் விற்கக் கட்டணம் உண்டு. நிலவன் பயப்படும் ஓட்டத்தை அது முழுமையாகத் தடுக்காது, ஆனால் வாசலில் ஆள் நிறுத்தியாகிவிட்டது.

நிலவன்:
மருதன் ஐயா, விவரத்துக்கு நன்றி. ஆனால் அரசு பணம் கொடுத்தும் நடக்காத இடமும் இருக்கிறது. ஜெர்மனியில் இரண்டு எஃகு ஆலைகளை நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜனுக்கு மாற்ற ஆர்செலர்மிட்டல் நிறுவனத்துக்கு 130 கோடி யூரோ மானியம் தயாராக இருந்தது. மின்சார விலையையும் சந்தை நிலவரத்தையும் காரணம் காட்டி, 2025 ஜூனில் அந்தத் திட்டத்தையே அந்த நிறுவனம் கைவிட்டது. சட்டமும் இருந்தது, பணமும் இருந்தது, எஃகு வரவில்லை. ஆதிரை இதற்கு என்ன சொல்கிறார்?

ஆதிரை:
சட்டம் பாதியாக இருந்தது என்கிறேன். உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆலைகள் அனுமதி வைத்திருக்க வேண்டும் என்ற கார்பன் சந்தை ஐரோப்பாவில் 2005லேயே வந்தது. ஆனால் எஃகுக்கும் சிமென்ட்டுக்கும் இலவச அனுமதிகளை வாரி வழங்கினார்கள். அந்தச் சலுகை 2034இல்தான் முற்றிலும் நிற்கப்போகிறது. அதுவரை நிலக்கரியில் எஃகுக்கான இரும்பை உருக்கும் பழைய ஊதுலை மலிவாகவே தெரியும். மலிவாகத் தெரிவதை விட்டுவிட்டு வருமாறு மானியத்தைக் காட்டி அழைத்தால் யார் வருவார்?

வெண்பா:
நீங்கள் அனைவரும் புகையைப் பற்றியே பேசுகிறீர்கள். நிறுவனங்கள் இன்னொரு விதத்திலும் காலநிலை மாற்றத்தை எதிர்கொள்கின்றன, அதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

2018இல் ரைன் ஆறு வற்றியபோது, லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பிஏஎஸ்எஃப் வேதியியல் வளாகத்துக்குச் சரக்குக் கப்பல்கள் வர முடியவில்லை. உற்பத்தியைக் குறைத்ததில் நிறுவனத்துக்குச் சுமார் 25 கோடி யூரோ இழப்பு. என்ன செய்தார்கள்? தாழ்ந்த நீரிலும் மிதக்கும்படி 135 மீட்டர் நீளமும் 17.5 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கப்பலை வடிவமைக்கச் செய்தார்கள். காவுப் என்ற இடத்தின் நீர்மட்ட அளவுகோல் 30 சென்டிமீட்டர் காட்டினாலும் அது 800 டன் சரக்கோடு கடந்துவிடும். 2023இல் ஓடத் தொடங்கியது. ஆறு வற்றும் என்று நம்பியதால்தானே பணம் போட்டார்கள்?

அதே 2023 மே மாதம், கலிஃபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், அங்கே வீட்டுக் காப்பீட்டுக்குப் புதிய விண்ணப்பங்கள் வாங்குவதை நிறுத்தியது. கட்டுமானச் செலவோடு, பெருகிவரும் பேரிடர் அபாயத்தையும் காரணமாகச் சொன்னது.

ஆபத்து தங்களுக்கு என்றால் கணக்கு துல்லியமாக வருகிறது, கையிருப்பும் திறக்கிறது. கப்பல் கட்ட முடியாதவர்களும் காப்பீடு மறுக்கப்பட்டவர்களும் எங்கே போவார்கள்? எனக்கு இதில் மனம் ஆறவில்லை.

செழியன்:
வெண்பா, காப்பீட்டு நிறுவனம் அபாயத்துக்கு விலை சொல்வது ஒரு விதத்தில் சமூகத்துக்கு எச்சரிக்கையும்கூட. காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஜெர்மனியின் மியூனிக் ரீ 1973லேயே பருவநிலை மாறுவதைப் பற்றி எழுதியது. அதைக் கேட்காதது அரசுகள்.

எல்லோரிடமும் ஒரு கேள்வி. சட்டம் முழுமையாக வரும்வரை ஒரு வாசகர், முதலீட்டாளர், ஊழியர் எதைப் பார்த்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது? உறுதிமொழியைப் பார்க்காதே என்றால் வேறு எதைப் பார்ப்பது?

கயல்விழி:
நிதிநிலை அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளைப் பாருங்கள். வண்ணப்படங்கள் உள்ள அறிக்கையை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு ஆலை எத்தனை ஆண்டு ஓடும் என்று முடிவுசெய்து, அதன் விலையை அந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தேய்மானம் எழுதுவோம். 2040க்குள் நிகர பூஜ்ஜியம் என்று அறிவித்த நிறுவனம், போன ஆண்டு வாங்கிய நிலக்கரிக் கொதிகலனை 2060 வரை ஓடும் என்று தேய்மானம் எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று பொய். தணிக்கையாளர் கையெழுத்துப் போடுவது கொதிகலன் குறிப்பில்தான். பிபியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூனில் எதிர்கால எண்ணெய் விலை மதிப்பீட்டைத் தாழ்த்தி, 1,750 கோடி டாலர் வரை சொத்து மதிப்பைக் குறைத்து எழுதப்போவதாக அறிவித்தது. அந்த நாளில் அது வெறும் பேச்சாக இல்லை, பங்குதாரர் பணத்தில் விழுந்த வெட்டு. பின்னால் திசை திரும்பியபோது, அதுவும் முதலீட்டுத் தொகையில்தான் தெரிந்தது.

அடுத்து, தலைமை நிர்வாகியின் ஊக்கத்தொகை எதைப் பொறுத்தது என்ற பக்கம். உற்பத்தி கூடினால் ஊக்கத்தொகை கூடும் என்று அங்கே எழுதியிருந்தால் முன்னுரையைப் படிக்க வேண்டியதில்லை.

நிலவன்:
இதை ஏற்கிறேன். ஆனால் இந்தக் குறிப்புகளைக் காட்டச் சொல்வதும் சட்டம்தான் என்று ஆதிரை இப்போது வருவார்.

ஆதிரை:
வந்துவிட்டேன். தேய்மானக் குறிப்பைப் பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் காட்டித்தான் ஆக வேண்டும், அதனால்தான் கயல்விழியால் அதை நம்ப முடிகிறது. காலநிலை இலக்குக்கும் அதே தணிக்கை, அதே தண்டனை வேண்டும் என்கிறேன். செழியன் அவர்களே, உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அதற்குச் சம்மதிப்பார்கள்?