புதுப்பிப்பு: கற்பூரத்தைத் தேடினால் ஊதுபத்தியைக் காட்டிய மேட்ச்

போன வாரம் கேட்டிருந்தேன்: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் பூஜைச் சாமான் கடையின் சரக்குப் பட்டியலில், கற்பூரம் எத்தனையாவது இடம் என்று எக்செலில் மேட்ச் (MATCH) சூத்திரம் போட்டால் ஊதுபத்தியின் இடம் வருகிறதே, ஏன்? காவடிக்கு முன்னால் கணக்கை முடிக்கும் அவசரம் வேறு.

சரி, பிடிபட்டுவிட்டது. மேட்சில் தேடும் பொருள், தேடும் வரம்பு இரண்டுக்கும் அடுத்து, எப்படித் தேடுவது என்று சொல்லும் மூன்றாவது மதிப்பை நான் எழுதாமல் விட்டிருந்தேன். விட்டால் அது 1 என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் அகரவரிசையில் இருப்பதாக நம்பி, பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும். எங்கள் பட்டியலோ சரக்கு வந்த வரிசை. துல்லியமாகப் பொருந்துவதை மட்டும் தேடச் சொல்லும் 0 போட்டதும் சரியான பொருளே கிடைத்தது. (இங்குள்ள அமைப்பில் தசமத்துக்குக் காற்புள்ளி, அதனால் சூத்திரத்துக்குள் மதிப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி. இதில் ஒரு மாலை போனது.)

அப்புறம் இன்னொரு குழப்பம். விடை 3 என்றது, பொருள் இருந்ததோ 7ஆம் வரிசையில். தேடும் வரம்பு ஏ5 (A5) கட்டத்தில் தொடங்குகிறது. மேட்ச் அங்கிருந்துதான் எண்ணும். அந்த இடத்தில் உள்ள மதிப்பை எடுத்துத் தரும் இண்டெக்ஸுக்கும் (INDEX) அதே வரிசைகளைக் கொடுத்தால் எதையும் கூட்ட வேண்டாம்.

சாம்பிராணி மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. இணையத்திலிருந்து நகலெடுத்த பெயரின் வாலில் ஓர் இடைவெளி. கூடுதல் இடைவெளிகளை நீக்கும் டிரிம் (TRIM) அதைத் தொடவில்லை, ஏனென்றால் அது சாதாரண இடைவெளி அல்ல, 160ஆம் எழுத்து, அதாவது வரி உடையாத இடைவெளி. ஓர் எழுத்துக்குப் பதில் வேறொன்றை வைக்கும் சப்ஸ்டிடியூட்டால் (SUBSTITUTE) அதை அகற்றினேன்.

எக்செல் 2021 வைத்திருப்பவர்கள் மேட்சின் புதிய வடிவமான எக்ஸ்மேட்ச் (XMATCH) பயன்படுத்தலாம். அதில் துல்லியப் பொருத்தமே இயல்பு. கடைக் கணினியில் இருப்பது 2016.