சு பொரெக்: கொதிநீரில் போட்டதும் ஷீட் கூழாகிறது, என்ன செய்யலாம்?

கயல்_இஸ்தான்புல்:
வணக்கம். சு பொரெக்கை (வேகவைத்த மாவு ஷீட்டுகளை அடுக்கிச் சுடும் துருக்கிப் பலகாரம்) வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். கடையில் வாங்கிய யுஃப்காவை (மெல்லிய மாவு ஷீட்) உப்புப் போட்ட கொதிநீரில் முக்கினால், எடுக்கும்போதே குழைந்து கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது. தேறியதை அடுக்கி ஓவனில் வைத்தால் மேலே பொன்னிறம், அடியில் ஒரே ஈரம். உள்ளே பெயாஸ் பெய்னிர் என்கிற வெள்ளைச் சீஸும் பார்ஸ்லியும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்கு ஆட்கள் வருகிறார்கள். உதவுங்கள்.

அடுப்படி_அக்கா:
கடை யுஃப்கா இதற்கு ஆகாது கயல். வெறும் மாவும் தண்ணீரும் சேர்த்துத் தேய்த்து, இரும்புக் கல்லில் லேசாக வாட்டியது அது. சு பொரெக்குக்கு முட்டை போட்ட மாவு வேண்டும், அதுதான் கொதிநீரைத் தாங்கும். அரைக் கிலோ மைதாவுக்கு 4 முட்டை, உப்பு, தேவைக்குக் கொஞ்சம் தண்ணீர். பூரி மாவு போலக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் விடுங்கள். கார்ன்ஃப்ளோர் தூவித் தேயுங்கள். கொதிநீரில் ஒரு நேரத்தில் ஒரே ஷீட். ஒரு நிமிடத்துக்குள் எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, துணியில் விரித்து நன்றாக ஒற்றுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் பிரிக்கவே முடியாது. உடனே தட்டில் போட்டு உருக்கிய வெண்ணெய் தடவிவிடுங்கள்.

அங்காரா_தம்பி:
அக்கா சொன்னது சரி. அடி ஈரத்துக்கு ஒரு வழி: அடியிலும் மேலேயும் வருகிற ஷீட்டை வேகவைக்காமல் பச்சையாகவே போடுங்கள். நடுவில் இருப்பவை மட்டும் வெந்தால் போதும். அப்புறம், ஓவனை விட்டுவிட்டு அடுப்பிலேயே செய்து பாருங்கள். சிறு தீயில் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அடி முழுக்க ஒரே மாதிரி சிவக்கும். பிறகு இன்னொரு தட்டில் கவிழ்த்து மறுபக்கம். பழைய வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள், என் வாய்க்கு அந்த மொறுமொறுப்புதான் பிடிக்கும். சீஸ் ரொம்ப உப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள்.

கயல்_இஸ்தான்புல்:
ரொம்ப நன்றி, புது மாவு பிசைந்து பார்க்கிறேன். மீதி யுஃப்காவை என்ன செய்வது? வருகிறவர்களில் ஒருவர் கருங்கடல் கரையிலுள்ள ரிசே ஊர்க்காரர், லாஸ் பொரெக் கேட்கிறார். அதற்கு இதே முட்டை ஷீட் போதுமா?

அடுப்படி_அக்கா:
மீதி யுஃப்காவை முக்கோணமாக வெட்டி, சீஸ் வைத்துச் சுருட்டி, நுனியில் தண்ணீர் தொட்டு ஒட்டிப் பொரித்துவிடுங்கள். சிகாரா பொரெக் ஆகிவிடும்.

லாஸ் பொரெக் கருங்கடல் பக்கத்து இனிப்பு. அதில் ஷீட்டை வேகவைப்பதே இல்லை. இதைவிட இன்னும் மெல்லிசாகத் தேய்த்து, ஒவ்வொன்றுக்கும் வெண்ணெய் தடவி, நடுவில் பால் கஸ்டர்ட் வைக்க வேண்டும். கஸ்டர்டில் கொஞ்சம் மிளகுத்தூள் போடுங்கள், விட்டுவிடாதீர்கள். பாலின் இனிப்புக்குப் பின்னால் அந்தக் காரம் மெல்ல வரும், ரிசேக்காரர் முதலில் அதைத்தான் தேடுவார். கஸ்டர்ட் ஆறிய பிறகே நிரப்புங்கள்.

அங்காரா_தம்பி:
ஓவனிலிருந்து எடுத்த சூட்டோடு சர்க்கரைப்பாகு ஊற்றுங்கள். பாகு மட்டும் ஆறியிருக்க வேண்டும், இரண்டும் சூடாக இருந்தால் ஷீட் தொளதொளவென்று ஆகிவிடும்.