திருமலையில் முழங்கால் வருத்தக்காரரோடும் சின்னப் பிள்ளையோடும் கடற்கரை நடை: எதைக் காலையில், எதைப் பின்னேரம்?

மட்டுநகரான்:
ஆனியில் இரண்டு நாள் திருகோணமலையில் நிற்கப் போகிறோம். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். பிள்ளைக்கு 3 வயது, தள்ளுவண்டியும் வரும். டச்பே கடற்கரை, கோட்டை, உட்துறைமுக வீதி மூன்றையும் நடந்து பார்க்க ஏலுமா?

உவர்மலை:
ஏலும், ஒரே மூச்சில் வேண்டாம். ஊர் இரண்டு தண்ணிக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்குது: கிழக்கே டச்பே, மேற்கே உட்துறைமுகம். ஆனியில் சூரியன் 5.50 அளவில் கடலுக்குள் இருந்து எழும்பும், 6.30க்குக் கிட்ட துறைமுகத்துக்கு அங்கால் விழும். அதனால் கோட்டையும் அதற்குள் இருக்கிற கோணேசர் கோயிலும் காலைக்கு, உட்துறைமுக வீதி பின்னேரத்துக்கு.
கோட்டை வாசலில் இருந்து கோயில் வரைக்கும் ஏற்றம். ஓட்டோவில் ஏறிப் போய், திரும்பும்போது இறக்கத்தில் நடந்து வாங்கோ.

கோணேசரடி:
கடைசி வரி பிழை அண்ணை. முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் மடங்கின முழங்காலில் விழும். போகும்போது நின்று நின்று மெதுவாக ஏறட்டும், வரும்போது ஓட்டோ. ஓட்டோவைக் காத்திருக்கச் சொல்லி, கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கோ.
8 மணிக்கு முன் மேலே நிற்க வேணும். செருப்பைக் கழற்றினபிறகு கால் கல்லில்தான். வெயில் ஏறினால் பிள்ளை ஒரு அடி வைக்காது, தூக்கச் சொல்லும். கோயிலடியில் பாறை பிளந்து கிடக்கிற இராவணன் வெட்டுப் பக்கம் பிள்ளையின் கையை விடவேண்டாம். வெள்ளிக்கிழமை என்றால் சனம் கூட. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கு, அந்தப் பக்கம் கமராவை நீட்டாதீங்கோ.

கச்சான்கொட்டை:
தள்ளுவண்டியை டச்பே மணலில் இறக்கவேண்டாம். முன்சில்லு புதைந்து குறுக்கே திரும்பும், இழுத்தால் வண்டி கவிழும். வீதியோரமாகத் தள்ளுங்கோ, மணலில் பிள்ளை வெறுங்காலோடு ஓடட்டும்.
பின்னேரம் டச்பேயையும் விடாதீங்கோ. வெயில் ஊருக்குப் பின்னால் போய்விடும், 5 மணிக்கே மணலில் இருக்கலாம். ஆனியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, தரையில் இருந்து கடலுக்கு அடிக்கும். அலை தட்டையாக இருக்கும், ஆனால் காற்று மிதவைப் பந்தையும் ரயரையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். பந்துக்குப் பின்னால் ஆள் நீந்தக்கூடாது.
மான்கள் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் புல்லிலும் நிற்கும். பொலித்தீன் பையைக் கண்டால் வடை இருக்கென்று கிட்ட வரும், பையையும் சேர்த்து மென்றுவிடும். அது வயிற்றில் அடைத்து மான் சாகிறது. கச்சான் கடலையைக் கடதாசிச் சுருளில் வாங்கி, சுருளைப் பொக்கற்றில் வையுங்கோ. கொம்பன் மானுக்குக் கிட்டப் பிள்ளையை நிறுத்திப் படம் எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

மட்டுநகரான்:
நன்றி. இதே நடையை மார்கழியில் வைத்தால்?

உவர்மலை:
கோணேசரடி சொன்னது சரி, இறக்கம் பற்றின என் வரியை விடுங்கோ. மார்கழியில் வாடை, வடகிழக்குக் காற்று கடலில் இருந்து அடிக்கும். டச்பேயில் அலை கரையை அறுத்து மணல் படியாக நிற்கும், குளிக்க இறங்கவே கூடாது. உட்துறைமுகம் நிலத்தால் மறைந்த இடம், தண்ணி குளம் மாதிரிக் கிடக்கும். மழை விட்ட நேரம் அந்தப் பக்கம் மட்டும் நடவுங்கோ, குடை கட்டாயம்.