பனடோல் கேட்டால் வேறு பெயர்க் குளிசை: உங்களுக்கும் நடந்ததா?

மல்லாவி மகள்:
2022, மருந்துத் தட்டுப்பாட்டு நேரம். அப்பாவுக்கு நாரிநோ. பாமசியில் பனடோல் முடிந்துவிட்டது என்று பரசிற்றமோல் அட்டை தந்தார்கள். அடுத்த கிழமை பனடோலும் கிடைத்தது, வாங்கி வைத்தேன். ஒருநாள் பின்னேரம் அப்பா கிணற்றடியில் செம்புடன் நிற்கிறார். உள்ளங்கையில் நாலு குளிசை. இரண்டு அது, இரண்டு இது. "பனடோல் தலையிடிக்கு, மற்றது நாரிக்கு, பிள்ளை" என்றார். மூன்று நாளாக அப்படித்தான் போட்டிருக்கிறார்! இரண்டும் ஒன்றென்று கடையிலும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முள்ளியவளை:
ஒன்றுதான் என்று சொல்வது லேசு. அம்மாவின் முழங்கால் நோவுக்கு வோல்டரன் சுகம் தந்த மாதிரி, அதே மருந்தான டைக்ளோபெனாக் வேறு கம்பனிப் பெயரில் வந்தபோது சுகம் தரவில்லை. வெறும் அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய், பாமசித் தம்பியிடம் நீட்டி, "இந்த எழுத்து இருக்கிறதைத் தா ராசா" என்றார். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் ஒரு பனடோல் அட்டைக்காக அலைந்தவர் அவர்.

செட்டிகுளம்:
முள்ளியவளை அக்கா, கோபிக்க வேண்டாம். அம்மா முதலில் போட்டது எத்தனை மில்லிகிராம்? வோல்டரனில் 50உம் உண்டு, மெதுவாகக் கரைகிற 100உம் உண்டு. 100 போட்டவருக்கு 50 தந்தால் நோ குறையாதுதானே. பெட்டியின் பெயரை விட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரையும் அளவையும் வாசியுங்கள். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தில் பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டதே, ஏழைக்கும் மருந்து பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கட்டும் என்றுதான். பரசிற்றமோல் 500 என்றால் வளர்ந்த ஆளுக்கு ஒருநாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, ஈரல் பழுதாகும். டைக்ளோபெனாக்கை நாள்கணக்கில் தானாகப் போடக்கூடாது, சிறுநீரகம் பழுதாகும், அதுவும் எங்கள் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற இடம்.

எனக்கு நடந்தது: மாரியில் தம்பிக்குக் காய்ச்சல். வீட்டில் கிடந்த, பெயர் தெரியாத அட்டையைப் பனடோல் மாதிரித்தான் என்று உடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பறித்து வாசித்தார், டைக்ளோபெனாக். தம்பிக்கு வந்தது டெங்கு, அதற்கு டைக்ளோபெனாக் போட்டால் இரத்தக்கசிவு வரலாம்.

மல்லாவி மகள்:
அண்ணை, எட்டுக் கணக்கை அப்பாவுக்குச் சொன்னேன். பரசிற்றமோல் அட்டையில் பேனையால் "பனடோல்" என்று எழுதியும் வைத்தேன். அப்பா இன்னும் இரண்டையும் வேறுவேறு டப்பாவில்தான் போடுகிறார்.