'சராசரி அடக்கவிலை' என்று சொல்லலாம்

வணக்கம் ஐயா,

விலை ஏறினாலும் இறங்கினாலும் குறித்த இடைவெளியில் ஒரே தொகைக்கு வாங்கிவரும் 'டாலர் காஸ்ட் ஆவரேஜிங்' என்ற முறைக்கு நீங்கள் முன்வைத்த 'டாலர் செலவுச் சராசரியாக்கம்' எனக்கு ஒப்பவில்லை. வேலூரில் ஒருவர் மாதாமாதம் ஐந்நூறு ரூபாய்க்கு பிட்காயின் வாங்குகிறார் என்றால் அதில் டாலர் எங்கே வந்தது? 'செலவு' இன்னும் சிக்கல். செலவு என்றால் கையை விட்டுப் போன பணம். இங்கே அது பொருளாக மாறிக் கையில் இருக்கிறது.

எங்கள் மண்டித் தெருவில் இதற்குச் சொல் உண்டு. ஒரு நாள் ஒரு விலை, மறுநாள் வேறு விலை என்று சரக்கு எடுத்தவரிடம் "அடக்கம் என்ன விழுந்தது?" என்றுதான் கேட்பார்கள். போட்ட மொத்தப் பணத்தைச் சரக்கின் அளவால் வகுத்தால் வருவதுதான் அடக்கம்.

'சராசரி விலை' போதும் என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். போதாது. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு வாரம் கிலோ 40 ரூபாய், மறுவாரம் 60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தடவையும் 240 ரூபாய்க்கு வாங்கினால் 6 கிலோவும் 4 கிலோவும் சேர்ந்து 10 கிலோ. ஆக, கிலோவுக்கு அடக்கம் 48. விலைகளின் சராசரியோ 50. மலிவான வாரத்தில் எடை கூடுதலாக வந்ததால்தான் அந்த இரண்டு ரூபாய் இறங்கியது. தடவைக்கு 5 கிலோ என்று எடையை நிலையாக வைத்து வாங்கியிருந்தால் 50-தான் வந்திருக்கும்.

ஆகவே இந்த முறையின் உயிர் மாறாத தொகையில் இருக்கிறது. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடி சத்தோஷியாகப் பிரிக்கலாம் என்பதால் சிறு தொகைக்கும் வாங்க முடிகிறது. வாங்கும் முறைக்கு 'சமதொகைக் கொள்முதல்', அதில் கிடைக்கும் எண்ணுக்கு 'சராசரி அடக்கவிலை' என இரண்டு சொற்கள் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே தொடராக இருப்பதால் நாமும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை.

'அடக்கம்' என்றால் பணிவும் நல்லடக்கமும் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் சரிதான். 'விலை' சேர்ந்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். வியாபாரியின் அடக்கத்தில் வண்டிக்கூலி, ஏற்றுக்கூலி எல்லாம் சேரும். ஆனால் 2022 ஏப்ரல் முதல் இந்தியாவில் பிட்காயின் போன்ற கிரிப்டோவில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு. அந்தக் கணக்கில் வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. அதனால் வரி பற்றி எழுதும்போது 'கொள்விலை' என்றே தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாக எழுதினால் படிப்பவர் தப்பாகக் கணக்குப் போட்டுவிடுவார்.

'சமதொகை' உங்கள் காதுக்கு எப்படி இருக்கிறது, ஐயா? அதைவிட எளிய சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன். அடக்கவிலையை மட்டும் விட மனம் வரவில்லை.